பெயர் நம்முடையது, அணி யாருடையது?

(அஞ்செட்டியில் பொங்கல் கபடிப் போட்டி நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘கபடியின் பெருமை’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அஞ்செட்டிக்காரர்களுக்குக் கபடியின் பெருமையை இன்னொருவன் வந்து சொல்ல வேண்டுமா? முழங்காலைப் பார்த்தாலே தெரியுமே, யார் யார் ஆடினவர்கள் என்று! அதனால் பெருமையை நாளைக்கு வைத்துக்கொள்வோம். இன்று ஒரு மனக்குறையைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். தமிழ் தலைவாஸ் என்கிற அணியை 2017லிருந்து விடாமல் பார்த்துவரும் ஒரு ரசிகனின் மனக்குறை. வாய்விட்டுக் குறை சொல்கிறவன் உள்ளுக்குள் ஆசை வைத்திருக்கிறான். ஆசை விட்டுப்போனவன் சேனலை மாற்றிவிட்டுப் படுத்துவிடுவான். நான் இன்னும் சேனலை மாற்றவில்லை. நீங்களும் மாற்றவில்லை. அதனால்தான் பேசுகிறேன்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

புரோ கபடி லீக் 2014ல் எட்டு அணிகளோடு தொடங்கியது. பெங்களூருக்கு ஓர் அணி இருந்தது. பாட்னாவுக்கு இருந்தது. ஜெய்ப்பூருக்கு இருந்தது. சடுகுடு ஆடாத தெருவே இல்லாத தமிழ்நாட்டுக்கு இல்லை. மூன்று ஆண்டு காத்திருந்தோம். 2017ல் நான்கு புதிய அணிகளைச் சேர்த்தபோது நமக்கும் ஒன்று கிடைத்தது. பங்குதாரர்களில் ஒருவர் சச்சின் டெண்டுல்கர். விளம்பரத் தூதர் கமல்ஹாசன். அடுத்த ஆண்டு விஜய் சேதுபதி. அணித் தலைவர் இமாச்சலத்து அஜய் தாக்கூர்; 2016 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஈரானுக்கு எதிராகத் தோற்கும் நிலையில் இருந்த இந்தியாவைத் தூக்கி நிறுத்தியவர். இனி என்ன குறை என்று மார்தட்டினோம்.

நடந்தது என்ன? முதல் ஆண்டு நம் பிரிவில் கடைசி. இரண்டாம் ஆண்டு, 2018 அக்டோபரில், சென்னையில் முதல் ஆட்டம். எதிரில் நடப்புச் சாம்பியன் பாட்னா பைரேட்ஸ். 42க்கு 26 என்று அவர்களைச் சாய்த்தோம். இந்த ஆண்டு நம் ஆண்டு என்று கூத்தாடினோம். அந்த ஆண்டும் பிரிவில் கடைசி! மூன்றாம் ஆண்டு பிரிவையே எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு அணிக்கும் ஒரே பட்டியல். அதிலும் கடைசி. 22 ஆட்டங்களில் 4 வெற்றி. நான்காம் ஆண்டு பதினோராவது இடம். சிரிக்காதீர்கள், ஓர் இடம் முன்னேறியிருக்கிறோம்!

இதைச் சென்னையில் இருந்து பார்ப்பது வேறு. இங்கிருந்து பார்ப்பது வேறு. நம் பாடு சென்னைக்காரருக்குத் தெரியாது. அஞ்செட்டியில் ஏறினால் தேன்கனிக்கோட்டை, அங்கிருந்து ஓசூர், ஓசூர் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். நம் பையன்களில் பாதிப் பேர் ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறார்கள். பக்கத்து மிஷினில் நிற்கிறவன் கர்நாடகத்து ஆனேக்கல்காரன். அவனுக்கு பெங்களூரு புல்ஸ். 2019 ஜனவரியில் மும்பையில் இறுதியாட்டம். பவன் ஷெராவத் ஒரே ஆளாக 22 புள்ளி எடுத்து அவர்களுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். மறுநாள் டீ பிரேக்கில் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவனிடம் கோப்பை இருக்கிறது. நம்மிடம் வாய் இருக்கிறது. ‘அடுத்த சீசன் பார்க்கலாம்டா’ என்று எத்தனை சீசன் சொல்வது?

அந்தப் பவன் ஷெராவத்தையே 2022ல் நம் அணி ஏலத்தில் எடுத்தது. 2 கோடியே 26 லட்சம் ரூபாய். அதுவரை எந்தக் கபடி வீரருக்கும் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. ஆனேக்கல்காரன் வாயடைத்துப் போனான். முதல் ஆட்டம், முதல் பாதி. எதிரணி வீரரைப் பிடிக்கப் போய் முழங்கால் மடங்கியவரைக் களத்தை விட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த சீசன் முழுக்க அவர் திரும்பவில்லை.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை நண்பர்களே! அங்கேதான் கதை தொடங்கியது. நரேந்தர் என்று ஓர் அரியானாப் பையன். அதுதான் அவனுக்கு முதல் சீசன். பாடிப் போய்ப் பாடிப் போய் 243 புள்ளி எடுத்தான். பாதியில் பயிற்சியாளராக அஷன் குமார் வந்தார். தற்காப்பில், கார்னரில் சாகர் நின்றால் எதிரணிக்காரன் கால் வைக்க யோசித்தான். ஐந்து ஆண்டு வாசலைப் பார்க்காத அணி பிளே ஆப் போனது. 2022 டிசம்பர் 13, உ.பி. யோத்தாஸ் அணியோடு 36க்கு 36 சமன். பிறகு டை பிரேக்கரில் 6க்கு 4. அன்றைக்கு இங்கே பட்டாசு வெடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு நாள் கழித்து அரையிறுதி, எதிரில் புனே. முதல் பாதி முடிந்தபோது நாம்தான் முன்னால் இருந்தோம். முடிவில் 39க்கு 37. இரண்டே புள்ளி.

அந்த இரண்டு புள்ளிக்காக நான் யார்மீதும் குறை சொல்ல வரவில்லை. தோல்வி ஆட்டத்தில் சேர்த்தி. வென்றால்தான் ரசிகன் என்றால் அவன் ரசிகனே இல்லை. என் குறை தோல்வி அல்ல. என் குறைகள் வேறு.

முதல் குறை. நம் அணியில் நம் பிள்ளைகள் எங்கே?

தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். கபடி உலகம் முழுக்க ‘அண்ணா’ என்று கூப்பிடும். நாற்பது வயதைத் தாண்டியும் கார்னரில் நின்று இளவட்டங்களின் கணுக்காலைப் பூட்டியவர். 2016ல் பாட்னா கோப்பையை வென்றபோது அணித் தலைவர் அவர்தான். பெங்களூருக்கு ஆடினார். தெலுங்கு அணிக்கு ஆடினார். பாட்னாவுக்கு, புனேக்கு, மும்பைக்கு, அரியானாவுக்கு, ஜெய்ப்பூருக்கு ஆடினார். எல்லா ஊருக்கும் ஆடிய தமிழர், தமிழ் என்று பெயர் வைத்த அணிக்கு மட்டும் வீரராக ஆடவே இல்லை! ஆட்டத்தை விட்ட பிறகு 2024ல் பயிற்சியாளராகத்தான் வந்தார். இது யார் செய்த பாவம்?

அபினேஷ் நடராஜன் நம் பையன். புனேயின் தற்காப்பில் நின்று 2024ல் கோப்பையை வென்றான். நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கோப்பையை அவன் மஞ்சள் சட்டை போட்டுத் தூக்கியிருக்கலாமே என்று தோன்றுமா தோன்றாதா?

நான் பேசுவதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளிமாநிலத்துக்காரன் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அஜய் தாக்கூர் நம் அணிக்காகச் சிந்திய வியர்வை நம் வியர்வைதான். நரேந்தர் நம் வீட்டுப் பிள்ளைதான். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே டீக்கடையில் பேசுகிற ஊர் இது. நமக்கு யாரும் அந்நியர் இல்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகையில் நம் குடும்பப் பெயரைப் போட்டுவிட்டு, பந்தியில் நம் பிள்ளைக்கு இலை போடாவிட்டால் மனம் ஒப்புமா?

‘உங்கள் பிள்ளைகளுக்குத் தரம் போதாது’ என்று ஒரு பதில் வரும். அதையும் பார்த்துவிடுவோம். இன்று பிற்பகல் அரையிறுதியில் ஒரு பையன் போட்ட பிடியைப் பார்த்தீர்கள் அல்லவா? இடது கார்னர். பாடி வந்தவன் நல்ல உயரம். போனஸ் கோட்டுக்கு ஒரு காலை நீட்டினான். நம் பையன் நீட்டிய காலைப் பார்க்கவே இல்லை. அவன் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடுப்பு முன்னால் சாய்ந்து உடம்புப் பாரம் பின்காலை விட்டு நகர்ந்த அந்த நொடியில் பாய்ந்து, பின்காலின் கணுவில் இரண்டு கையையும் பூட்டினான். கவரில் நின்றவன் தோளால் வந்து இடித்தான். பாடி வந்தவன் நடுக்கோட்டுக்குத் திரும்பிக்கூடப் பார்க்க முடியவில்லை. அந்தப் பிடியை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. செம்மண் சொல்லிக் கொடுத்தது.

ஆனால் மண் அதற்கு மேல் சொல்லிக் கொடுக்காது. இன்றைக்குப் பெரிய ஆட்டம் எல்லாம் ‘மேட்’ என்கிற விரிப்பில் நடக்கிறது. மேட்டில் ஷூ போட்ட கால் பசைபோலப் பிடித்து நிற்கும்; திரும்புகிற வேகம் கூடும்; மண்ணில் வழுக்கிக்கொண்டு போய்ப் பிடிக்கிற பிடி அங்கே அரை நொடி தாமதமாகும். அந்த அரை நொடியில் ஆள் போய்விடுவான். ஒரு ரெய்டுக்கு முப்பது வினாடி. இரண்டு ரெய்டு சும்மா திரும்பினால் மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அவுட். தற்காப்பில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் இரண்டு புள்ளி. இந்தக் கணக்கெல்லாம் காலில் ஊற வேண்டுமானால் சின்ன வயதிலேயே மேட்டில் கால் வைக்க வேண்டும். அரியானாப் பையனுக்கு ஊரிலேயே மேட் இருக்கிறது, பயிற்சியாளர் இருக்கிறார், ஆடினால் ராணுவத்திலும் ரயில்வேயிலும் போலீசிலும் வேலை என்கிற நம்பிக்கை இருக்கிறது. நம் பையனுக்கு என்ன இருக்கிறது? பிளஸ் டூ முடித்த மறுவாரம் ஓசூரில் காண்ட்ராக்ட் வேலை. பன்னிரண்டு மணி நேரம் நின்று வந்த காலில் எந்தக் கணுக்கால் பிடி மிஞ்சும்? தரம் போதவில்லையா, தளம் போதவில்லையா? நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாவது குறை. நம் அணியை நாம் எங்கே போய்ப் பார்ப்பது?

2017, 2018, 2019 மூன்று ஆண்டும் சென்னையில் ஆட்டம் நடந்தது. அதற்குப் பிறகு கொரோனா. எல்லா ஆட்டமும் பெங்களூரில் ஒரு ஓட்டலுக்குள், பார்க்க ஆளே இல்லாமல் நடந்தது. சரி, நோய்க்காலம். ஆனால் அரையிறுதி வரை போன 2022ல்? பெங்களூரு, புனே, ஐதராபாத், மும்பை. சென்னை இல்லை. 2023 டிசம்பரில் வந்தார்கள். 2024ல்? ஐதராபாத், நொய்டா, புனே. சென்னை இல்லை. 2025ல் மறுபடி வந்தார்கள். இவர்கள் வரும்போது வருவார்கள், நாம் காத்திருக்க வேண்டும். நம் அணியின் மிகச் சிறந்த சீசனில் சொந்த மண்ணில் ஓர் ஆட்டம்கூட இல்லை. இதைவிடக் கொடுமை உண்டா?

மூன்றாவது குறை. ஓர் ஆண்டு இருக்கிற முகம் மறு ஆண்டு இல்லை.

அணித் தலைவர் மாறுகிறார், பயிற்சியாளர் மாறுகிறார். பவன் ஷெராவத் போனார், 2025ல் திரும்ப வந்தார், அணித் தலைவரானார், சில ஆட்டங்களோடு பாதியில் அணியை விட்டு நீங்கினார். அதன் நியாய அநியாயத்தை அவர்களே பேசித் தீர்க்கட்டும். ஆனால் ரசிகன் ஒரு முகத்தின் மேல் ஆசை வைப்பதற்குள் அந்த முகம் வேறு சட்டையில் வந்து நம்மையே அவுட் ஆக்குகிறது. ஏலம் என்றால் அப்படித்தான் என்பார்கள். ஏலத்தில் வருகிறவன் ஏலத்தில் போவான். ஊரிலிருந்து வளர்கிறவன் அப்படிப் போக மாட்டான். அதனால்தான் மூன்றாவது குறைக்கும் மருந்து முதல் குறையிலேயே இருக்கிறது என்கிறேன்.

இந்தக் குறை நமக்கு மட்டுமா? இல்லை. கொஞ்சம் அமெரிக்காவுக்குப் போய் வருவோம். டிக்கெட் செலவு இல்லை.

அங்கே அமெரிக்கன் ஃபுட்பால் என்று ஓர் ஆட்டம். பெயரில்தான் கால் இருக்கிறது, ஆட்டமெல்லாம் கையில். முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு எதிரணி எல்லைக்குள் ஓட வேண்டும். ஓடுகிறவனைக் கட்டிப் பிடித்துச் சாய்க்க வேண்டும். நமக்குப் பங்காளி முறை ஆட்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கிளீவ்லேண்ட் என்று ஓர் ஊர். இரும்பும் உருக்கும் செய்த தொழில் நகரம், நம் ஓசூரைப் போல. அந்த ஊர் அணியின் பெயர் பிரவுன்ஸ். 1995ல் முதலாளி அணியை பால்டிமோருக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று அறிவித்தார். ஊர் கொதித்தது. நகராட்சி கோர்ட்டுக்குப் போனது. கடைசியில் என்ன தீர்வு தெரியுமா? வீரர்களைக் கொண்டு போங்கள். பெயரும் நிறமும் பழைய சாதனைகளும் எங்கள் ஊரிலேயே இருக்கட்டும். அப்படியே நடந்தது. மூன்று ஆண்டு அணியே இல்லாமல் பெயரை மட்டும் வைத்துக் காத்திருந்தார்கள். 1999ல் அதே பெயரில் புது அணி வந்தது. வந்த அணி என்ன செய்தது? தோற்றது. 2017ல் 16 ஆட்டத்தில் 16 தோல்வி! ரசிகர்கள் என்ன செய்தார்கள்? கடுங்குளிரில் ஆயிரக்கணக்கில் கூடி, மைதானத்தைச் சுற்றிப் பூஜ்யம் போல ஊர்வலம் போனார்கள். ரசிகன் என்றால் அவன் ரசிகன்! திட்டினான்; கேலி செய்தான்; ஆனால் விட்டுப் போகவில்லை. ஏன்? அந்தப் பெயர் தன் ஊருக்குச் சொந்தம் என்று அவனுக்குத் தெரியும்.

இன்னோர் ஊர், கிரீன் பே. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் சின்ன ஊர். 1919ல் அங்கே இறைச்சியை டப்பாவில் அடைக்கிற ஒரு கம்பெனி இருந்தது. அதன் பெயர், கேட்டால் சிரிப்பீர்கள், இந்தியன் பேக்கிங் கம்பெனி. அதில் குமாஸ்தாவாக இருந்த கர்லி லம்போ என்ற இளைஞர் முதலாளியிடம் போய், பையன்களுக்கு ஜெர்சி வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டார். 500 டாலர் கொடுத்தார்கள். கம்பெனி இடத்திலேயே பயிற்சி செய்யவும் விட்டார்கள். அதனால் அணிக்கு பேக்கர்ஸ் என்று பெயர் வந்தது. கொஞ்ச நாளில் அந்தக் கம்பெனி போய்விட்டது. அணிக்குப் பணக்கஷ்டம். 1923ல் ஊர்க்காரர்களே பங்கு போட்டு வாங்கினார்கள். இன்றைக்கு 5 லட்சத்துக்கும் மேலான பங்குதாரர்கள். அந்தப் பங்குக்கு லாபம் கிடையாது, ஈவுத்தொகை கிடையாது. பின் எதற்கு வாங்கினார்கள்? ‘இது எங்கள் அணி’ என்று சொல்லிக்கொள்ள. நூறு ஆண்டு தாண்டி அந்த அணி அதே சின்ன ஊரில் நிற்கிறது. ஜெர்சிக்குக் கொடுத்த 500 டாலர் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

நண்பர்களே, இதை நான் அமெரிக்கப் பெருமை பேசச் சொல்லவில்லை. ஓசூரில் எத்தனை கம்பெனி? டப்பா அடைக்கிற கம்பெனி செய்ததை லாரி செய்கிற கம்பெனி செய்ய முடியாதா? பைக் செய்கிற கம்பெனி, கடிகாரம் செய்கிற கம்பெனி செய்ய முடியாதா? நான் கோடி கேட்கவில்லை. நல்லா ஆடுகிற நான்கு பையனுக்கு நிரந்தர வேலை, மாலையில் இரண்டு மணி நேரம் பயிற்சிக்கு விடுப்பு, ஒரு மேட். இவ்வளவுதான்.

அரசையும் கேட்கிறேன். முதலமைச்சர் கோப்பையில் கபடி இருக்கிறது, நல்லது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இருக்கிறது, நல்லது. கோப்பைக்கு வரும் முன்னே பிள்ளை எங்கே ஆடிப் பழகுவான்? மலை ஏறி வந்து அஞ்செட்டிப் பள்ளியில் ஒரு மேட்டும் ஒரு பயிற்சியாளரும் கொடுங்கள். சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025ல் பக்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினாள். வசதியான வீட்டுப் பிள்ளை அல்ல அவள். கண்ணகி நகரில் முடிந்தது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் முடியாதா? இங்கே நிற்கிற தங்கச்சிகளே, அடுத்த ஆண்டு இதே போட்டியில் உங்களுக்கும் ஒரு கோப்பை வைக்க வேண்டும் என்று நடத்துகிறவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ் தலைவாஸ் நிர்வாகத்தாரே, உங்களிடம் ஒரே கேள்வி. எங்கள் பெயரை எடுத்துக்கொண்டீர்கள். எங்களுக்கு என்ன கொடுத்தீர்கள்? புதிய இளம் வீரர்களை ஏலத்துக்கு வெளியே சேர்த்துக்கொள்ள லீக் இடம் கொடுக்கிறது. அந்த இடங்களுக்கு மாவட்டம் மாவட்டமாக வந்து ஆள் தேடுங்கள். எங்கள் பிள்ளைக்குச் சலுகை வேண்டாம்; ஒரு தேர்வு வையுங்கள், பார்த்துவிட்டு எடுங்கள் அல்லது விடுங்கள். சீசனுக்கு முன் ஒரு பயிற்சி ஆட்டத்தை ஓசூரில் ஆடுங்கள். ஆனேக்கல்காரன் டிக்கெட் வாங்கி வந்து உட்காரட்டும்!

கடைசியாக நமக்கு ஒரு வார்த்தை. தோற்ற இரவில் வீரனைப் பெற்றவளை இழுத்துத் திட்டாதீர்கள். அவன் முழங்காலை அடகு வைத்து ஆடுகிறவன். டிவியில் தலைவாஸுக்குக் கத்துகிற நாம், பக்கத்து ஊரில் போட்டி என்றால் போய்ப் பார்க்கிறோமா? அங்கே பிடி போடுகிற பையனின் பெயர் நமக்குத் தெரியுமா? தலைவாஸ் கோப்பை வெல்ல வேண்டும் என்பது என் ஆசை. அந்தக் கோப்பையைத் தூக்குகிற ஏழு பேரில் ஒருவன் இந்த மலையிலிருந்து போனவனாக இருக்க வேண்டும் என்பது என் பேராசை. ஆசைக்கு டிவி போதும். பேராசைக்கு நாம் எழுந்து போக வேண்டும்.

தலைவாஸ் அணியின் வீரர் தேர்வைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடத்தக் கோரியும், அஞ்செட்டிக்கு மேட் கேட்டும் இரண்டு மனு எழுதி வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்குப் போகும் முன் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.